கலம் மாற்றுகிறவர் வந்திருக்கிறார்

திருகோணமலையில் நான் ஆற்றிய முதல் மருத்துவ சேவை, புற்றுநோய்க்கு வழி கேட்டு வந்த ஒருவரை ஆள் கடத்தச் சொல்கிறார் என்று நினைத்து விரட்டியதுதான். மீதி நாட்கள் அவரைத் தேடிப் பிடித்து, சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்வதில் போயின. இலங்கைக்குப் போனாயே, எதையெல்லாம் பார்த்தாய் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. நம் ரத்தத்தில் காவல் காக்கிற செல்கள் உண்டு. புற்றுநோய் வந்தால் பல சமயம் அவை பக்கத்திலேயே நின்றுகொண்டு கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஆளை, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுச் சொந்தம் என்றும் நினைத்துப் பாயசம் ஊற்றுவது போல. நோயாளியிடமிருந்து அந்தச் செல்களை எடுத்து, மரபணுவில் ஒரு திருத்தம் செய்து, "இவன்தான், பார்த்துக்கொள்" என்று அடையாளம் காட்டி, மறுபடி அவர் உடம்பிலேயே ஏற்றுவதற்கு அனுப்புவது எங்கள் தொழில்.

எங்கள் என்றால் கெட்டிக்காரர்களின் தொழில். என் பங்குக்கு நான் பல வருடங்கள் செல்களைச் சாகடித்துக்கொண்டிருந்தேன். முதலில் நான் திருத்தியவை நல்லது கெட்டது பாராமல் எதிர்ப்பட்டதையெல்லாம் அடித்தன. அதற்கடுத்தவை எதையும் தொடாமல் சாதுவாக உட்கார்ந்திருந்தன. என் வழிகாட்டி அவற்றுக்கு என் பெயரையே வைத்தார். ஒருவழியாக ஒழுங்காக வேலை செய்த கூட்டம் அளவுக்கு மீறி வேலை செய்து, உடம்பே கொதிக்கும்படி காய்ச்சலைக் கிளப்பியது. அதற்கு ஒரு பிரேக் கண்டுபிடிப்பதிலேயே என் தலைமுடி போய்விட்டது. இதற்கிடையில் அம்மா தெருவெல்லாம் "பையன் செல் ரிப்பேர் பண்றான்" என்று சொல்லி வைத்ததால், விடுமுறைக்கு ஊருக்குப் போனால் வாசலில் உடைந்த போன்களோடு நாலு பேர் நிற்பார்கள்.

இன்னொன்று. நான் டாக்டர்தான், ஆனால் ஊசி போடத் தெரியாத டாக்டர். தயாரான செல்கள் ஒரு பையில், நோயாளியின் எண்ணோடு, எங்கள் அறையின் சின்ன ஜன்னல் வழியாக வெளியே போகும். அந்தப் பை யாருக்குள் போகிறது என்று நான் பார்த்ததே கிடையாது.

என்னை அழைத்தவர் வசந்தி. எங்கள் ஆய்வுக்கூடத்தில் சில காலம் பயிற்சிக்கு வந்திருந்த மருத்துவர். இப்போது திருகோணமலையில் புற்றுநோய் சிகிச்சை செய்கிறார். ஊர் மக்களுக்கு இந்தப் புதிய சிகிச்சையைப் பற்றித் தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும் என்றார். தமிழ்தானே, அதற்கென்ன என்று ஒப்புக்கொண்டேன். என் தலையில் அன்று மண் விழுந்தது எனக்குத் தெரியவில்லை.

வந்து இறங்கியதும் போன் செய்தேன். "ஆறுதலா வாங்கோ" என்றார். யாருக்கு என்ன ஆகிவிட்டதோ என்று பதறி, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு ஓர்ஸ் ஹில் பகுதியில் அவர் வீட்டுப் படியேறினேன். வாசலில் வசந்தி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். மெதுவாக, அவசரப்படாமல் வா என்பதைத்தான் அப்படிச் சொல்வார்களாம். முகத்தை மாற்றக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இரவு இடியப்பம், சொதி, இறால் குழம்பு. தட்டைப் பார்த்து வசந்தி "காணுமோ?" என்றார். எதையோ தேடுகிறார் போலிருக்கிறது என்று மேசைக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் காணோமே" என்றேன்.

"காணாதோ? அப்ப இன்னும் போடுறன்."

காணும் என்றால் போதும் என்று தெரிந்துகொள்வதற்குள் என் வயிறு காற்றடித்த டியூப் மாதிரி ஆகிவிட்டது.

காலையில் உரை நடக்கப்போகும் மண்டபத்தைப் பார்த்துவரக் கிளம்பினேன். கையில் கடையில் வாங்கிய மீன் பணிஸ். பணிஸ் என்றால் நம் ஊர் பன், உள்ளே மீன். இந்த ஊரில் புள்ளிமான்கள் நம் ஊர் மாடுகள் போலச் சாலையில் திரிகின்றன. ஒன்று மிக அழகாக என் பக்கத்தில் வந்து நின்றது. படம் எடுக்கப் போனைத் தேடிய நேரத்தில், அது பணிஸை உறையோடு வாங்கிக்கொண்டு போய்விட்டது. மான் மீன் தின்னும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

மண்டபத்துக்கு முன்னால் பேனர் கட்டியிருந்தார்கள். கடற்காற்று அதன் கீழ்ப்பாதியைச் சுருட்டிக் கயிற்றில் மாட்டிவிட்டிருந்தது. மேல்பாதியில் என் முகம். பக்கத்தில் பெரிய எழுத்தில்: "மாற்றியமைத்த கலங்கள்! இந்தியாவிலிருந்து நிபுணர் வருகை."

கலம் என்றால் எனக்குத் தெரிந்தது மரக்கலம், போர்க்கலம், விண்கலம். எதிரே பார்த்தால் துறைமுகம், கப்பல்கள். சரிதான், அச்சடித்தவர் ஊர் நினைப்பில் குழம்பி என்னைக் கப்பல் பழுதுபார்க்கிறவன் ஆக்கிவிட்டார் என்று முடிவுகட்டினேன். அம்மா போன் மெக்கானிக் ஆக்கினாள், இவர்கள் பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்கள். பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் பேனரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கலம் மாத்துற ஆள் நீங்கள்தானே?"

"ஓம்" என்றேன். ஆமாம் என்பதற்கான ஊர்ச் சொல்லைச் சரியாகச் சொன்ன பெருமை வேறு.

அப்படியே நடந்து படகுத்துறைக்குப் போனேன். மூதூர்ப் படகுக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளி வெள்ளை உடையில் ஒரு கடற்படைக்காரர். மெலிந்த ஒருவர், தலையில் வெள்ளைத் தொப்பி, தேநீர்க் கடையிலேயே என்னைப் பற்றி விசாரித்துவிட்டு என் பின்னாலேயே வந்திருந்தார்.

"சேர், உங்களோட தனிய ஒரு கதை கதைக்கோணும்."

"தாராளமா. கதைன்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று ஒரு கட்டையில் வசதியாக உட்கார்ந்தேன். கதை என்றால் அங்கே பேச்சுதான் என்பது பிறகு தெரிந்தது.

"எனக்கொரு வருத்தம் சேர். ஊருல ஒருத்தருக்கும் தெரியா. பொஞ்சாதிக்கு மட்டுந்தான் தெரியும்."

"வருத்தம் யாருக்குத்தாங்க இல்லை? மனசு விட்டு ஒரு தடவை அழுதுடுங்க, போயிடும்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அழுதா போற வருத்தமில்ல சேர் இது. ஒருக்காப் போய்த் திரும்பி வந்திரிக்கி." குரலைத் தாழ்த்தினார். "உங்கட கலம் எனக்குச் சரிவருமோ? இந்தியாவுக்கு வரச் சொன்னாலும் வாறன். ஆருக்கும் தெரியாம வாறன்."

நான் கட்டையிலிருந்து எழுந்துவிட்டேன். மனவருத்தம். கலம். இந்தியாவுக்கு. யாருக்கும் தெரியாமல். கடற்படைக்காரர் எங்களையே பார்ப்பதாகத் தோன்றியது.

"என்கிட்ட கலம் எதுவும் கிடையாது."

"பேனர்ல போட்டிரிக்கே?"

"அது அச்சுப் பிழை."

"எனக்கு ஏத்த ஏலாதோ சேர்?"

"ஏத்த முடியாது. யாரையும் ஏத்த முடியாது. இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்? பேசாம வீட்டுக்குப் போய்க் குடும்பத்தோட இருங்க."

அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஓம் சேர், சரி" என்றார். போய்விட்டார். ஒரு குடும்பத்தைக் கடலில் மூழ்காமல் காப்பாற்றிய திருப்தியோடு நான் இளநீர் குடித்தேன்.

பின்னேரம் உரை. கதிரைகள் எல்லாம் நிறைந்திருந்தன. செல்லை எடுப்போம், செல்லை மாற்றுவோம், செல் உள்ளே போய்த் தாக்கும் என்று ஆவேசமாகக் கையை வீசிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் ஒரு விஞ்ஞான ஆசிரியை எழுந்தார்.

"சேர், நீங்கள் செல், செல் எண்டு சொல்லுறது கலத்தைத்தானே? பிள்ளையளுக்கு நாங்கள் கலம் எண்டுதான் படிப்பிக்கிறம். தாவரக் கலம், விலங்குக் கலம். செல் எண்டா எங்கட ஊரில வேற சாமான். அது மேல இருந்து விழும்."

மண்டபமே சிரித்தது. போர்க் காலத்தில் வந்து விழுந்த குண்டைச் சொல்கிறார் என்பது புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. கலம் என்றால் செல் என்பது புரிய இன்னொரு நிமிடம். அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்பது வந்திருந்தவர்களுக்குத்தான் வெளிச்சம். முடிந்த கையோடு வசந்தியைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனேன்.

"வருத்தம்னா என்ன?"

"வருத்தம் எண்டா வருத்தம்தான். சுகமில்லாமல் வாறது. நோய். ஏன்?"

துறையில் நடந்ததைச் சொன்னேன். வசந்தி வழக்கமாக என் உளறலுக்குச் சிரிப்பவர். அன்று சிரிக்கவில்லை.

"தொப்பி போட்ட, மெலிஞ்ச ஆளோ? சலீம் நானா. கிண்ணியாவில புடவைக்கடை வச்சிருக்கிறார். என்ர நோயாளி. நான்தான் உங்களிட்டக் கேக்கச் சொல்லி அனுப்பினனான்."

நானா என்றால் அங்கே முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன். அவருக்கு நிணநீர்க் கணுவில் வந்த புற்றுநோய். ஒரு தடவை சிகிச்சையில் அடங்கி, மறுபடி தலைகாட்டியிருக்கிறது. இரண்டாம் கட்ட மருந்து நாளை மறுநாள் தொடங்க ஏற்பாடு.

"அதுக்கு அவரை ஓம் எண்டு சொல்ல வைக்கிறதுக்கே நான் பட்ட பாடு. நீங்கள் மேடையில நிக்கேக்கதான் போன் எடுத்தவர். 'இந்தியா டொக்டரே வீட்ட போய்க் குடும்பத்தோட இருக்கச் சொல்லிட்டார், இனி ஏன் ஊசி' எண்டு வச்சிட்டார். இப்ப எடுத்தா எடுக்கிறாரில்ல. பிந்தக் கூடாது. இந்த வருத்தம் நிண்டு பாத்துக்கொண்டிராது."

"வாங்க, ரெண்டு பேரும் போய் உண்மையைச் சொல்லிடலாம்."

"நான் வந்தா, உங்களிட்டச் சொல்லிச் சொல்ல வைக்கிறன் எண்டு நினைப்பார். நீங்கள் சொன்னதை நீங்கள்தான் மாத்தோணும்."

மறுநாள் காலை ஓட்டோவில் கிளம்பினேன். கிண்ணியாவுக்கு நீளமான பாலம் ஒன்று போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர், தலையைக் கழற்றிக்கொண்டு போகிற காற்று. நடுப்பாலத்தில் ஓட்டோ இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. "சீக்கிரம், சீக்கிரம்" என்று நான் குதித்ததை ஓட்டுநர் கண்டுகொள்ளவில்லை. "ஆறுதலாப் போவம் சேர்" என்றார். இந்தத் தடவை பொருள் தெரிந்துதான் கோபம் வந்தது. இருவருமாகத் தள்ளினோம். எதிரே வந்த பள்ளிக்கூட வேனிலிருந்து பிள்ளைகள் கைதட்டி உற்சாகப்படுத்தினார்கள்.

புடவைக்கடை என்றால் நம் ஊர் ஜவுளிக்கடை; கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கடைவாசலில் அவர் மனைவி பரீதா துணிக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் இந்தியாவிலிருந்து வந்திருக்கேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட கொஞ்சம் பேசணும்."

"பேசவோ?" இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "அந்த மனிசன் உங்களுக்கு என்ன செஞ்சாரு, பேசுறதுக்கு? முந்தநாள் பேசினது காணாதோ?"

பேசுவது என்றால் அங்கே திட்டுவது. அதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். துறையில் சந்தித்தது நேற்றுத்தான், முந்தநாள் இல்லை என்று திருத்தப்போய், இன்னும் கொஞ்சம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "எங்களுக்கு அது ஒரு வருசமா இரிக்கி" என்றார்.

உள்ளே சலீம் நானா ஒரு பெண்மணிக்குத் திரைச்சீலைத் துணி அளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கை நின்றது. நோய் ஊருக்குத் தெரியக்கூடாது என்பது அவருடைய கட்டளை; வாடிக்கையாளர் முன்னால் எப்படி ஆரம்பிப்பது? அவரே நம் ஊர் லுங்கி போன்ற ஒரு சாரத்தை உதறி என் முன்னால் விரித்தார். "சாரமோ சேர்? பாருங்க." பிறகு துணிக்குள் முகத்தைக் கவிழ்த்து, மெல்ல: "எனக்குத்தான் ஏலாது எண்டுட்டீங்களே. பிறகென்ன?"

நானும் துணிக்குள் குனிந்தேன். "நான் சொன்னது அது இல்லைங்க. நான் கப்பல்னு நினைச்சுட்டேன்."

"என்ன கப்பல்?" என்றார் பெண்மணி.

சலீம் நானாவுக்கு என் பதில் துளியும் புரியவில்லை. ஆனாலும் கடைக்காரர் அல்லவா? "கப்பல் படம் போட்ட சாரம் கேக்கிறார்" என்றார்.

"அப்பிடி வந்திரிக்கோ? எனக்கும் ஒண்டு காட்டுங்க, மகனுக்கு."

இல்லாத கப்பல் சாரத்தை அடுத்த வாரம் எடுத்துத் தருவதாகச் சொல்லி அவரை அனுப்பிவைத்தார்கள். பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். பேனர், கலம், வருத்தம், கடற்படைக்காரர், இளநீர் உட்பட. முதலில் பரீதாதான் முந்தானையால் வாயைப் பொத்தினார். சலீம் நானா சிரிக்கத் தொடங்கி, இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

"அப்ப என்னையக் கள்ளத்தோணி எண்டு நினைச்சிரிக்கீங்க! இவ்வளவு காலமும் இங்க இந்தியாவில இருந்து வந்த ஆக்களத்தான் அப்பிடிச் சொன்னவங்க. ஒரு இந்தியாக்காரர் எங்களச் சொன்னது இதான் முதல் தரம்."

"நீங்க படிச்சது எந்தத் தமிழ் சேர்?" என்றார் பரீதா.

சிரிப்பு அடங்கியதும் சலீம் நானா கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். "சரி. இப்பச் சொல்லுங்க. உங்கட கலம் எனக்குச் சரிவருமோ?"

நான் உரையில் சொன்னதையே சின்னதாக்கிச் சொன்னேன். உங்களுடைய காவல் கலங்களையே கொஞ்சம் எடுப்போம்; எதிரியை அடையாளம் காட்டி, பயிற்சி கொடுத்து, ஆயுதம் கொடுத்து, திரும்ப உள்ளே அனுப்புவோம் என்றேன்.

"மெல்ல, மெல்ல" என்று வாசலை எட்டிப் பார்த்தார். "ஆளப் பிடிச்சு, பயிற்சி குடுத்து, ஆயுதம் குடுத்துத் திருப்பி அனுப்புறது எண்டு இந்தப் பக்கத்தில சத்தமாச் சொல்லாதீங்க சேர். அதுவும் இந்தியாவில இருந்து வந்து."

போர்க் காலத்து இயக்கங்களின் கதையை நான் அறியாமல் சொல்லியிருந்தேன்; மண்டபத்து உரையிலும் இதே சொற்கள்தான். ஏன் பின்வரிசையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள் என்பது அப்போது விளங்கியது.

"உங்கட கையால எத்தினை பேருக்குச் சுகமாயிரிக்கி?"

"எனக்குத் தெரியாதுங்க. பையில் எண் மட்டும்தான் இருக்கும். ஆளை நான் பார்த்ததில்லை."

"ஒருத்தரையும்?"

"நீங்கதான் முதல் ஆள்."

"முதல் ஆளுக்கே ஏலாது எண்டுட்டீங்க" என்றார். ஆனால் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்.

எனக்கு எப்போதும் வாயில் ஒரு வேடிக்கை தயாராக இருக்கும். அன்று ஒன்றும் வரவில்லை. "உங்களுக்குச் சரிவருமான்னு இன்னைக்கு எனக்குத் தெரியாது" என்றேன்.

"தெரியாது எண்டு சொல்லவோ கடல் தாண்டி வந்தீங்க?" என்றார் பரீதா.

"ஆமாங்க. நேத்துத் தெரிஞ்ச மாதிரிச் சொன்னதாலதானே இவ்வளவு வம்பு." தெரிந்ததைச் சொன்னேன். எங்கள் திருத்தம் ஒரு குறிப்பிட்ட அடையாளத்தை மட்டும் தேடிப் போகும். அவருடைய நோயில் அந்த அடையாளம் இருக்கிறதா என்று சோதித்தால்தான் தெரியும். இருந்தாலும் எல்லாருக்கும் பலிப்பதில்லை. அதற்கும் முன்னால், வசந்தி சொல்கிற மருந்தே போதுமானதாக இருக்கலாம். அது போதாமல் எங்களிடம் வர நேர்ந்தாலும், அதற்குள் நோய் கொஞ்சம் அடங்கியிருக்க வேண்டும், உடம்பில் தெம்பு இருக்க வேண்டும். "எந்த வழியில் போனாலும் நாளைக் காலை ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் போகணும்."

சலீம் நானா மடியில் கிடந்த சாரத்தின் ஓரத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "முதல் தரம் அந்த மருந்து ஏத்தக்குள்ள, செத்தாலும் திரும்ப அந்தக் கட்டில்ல படுக்கிறதில்ல எண்டு நினைச்சன் சேர். நீங்க ஏலாது எண்டு சொன்னோண்ண, ஒரு பக்கம் நிம்மதியாவும் இரிந்திச்சு."

பரீதா அவரை வெடுக்கென்று திரும்பிப் பார்த்தார். இது அவருக்கும் புதிய செய்தி என்று தெரிந்தது. வெளியே ஒரு பேருந்து ஹார்ன் அடித்துக்கொண்டே போயிற்று.

பிறகு பரீதா என்னைப் பார்த்தார். "ஏலாது எண்டு சொன்ன ஆள்தானே நீங்க? நாளைக்கு வந்து அந்தக் கட்டிலடியில நில்லுங்க. அப்ப இவரு வருவாரு. வருவீங்கதானே?" கடைசிக் கேள்வி புருஷனுக்கு. அவர் மடித்த சாரத்தை அலுமாரியில் வைத்துவிட்டு, "ஓம்" என்றார், அலுமாரியிடம்.

சாப்பிடாமல் விடவில்லை. எருமைத் தயிர், வெட்டி எடுக்கிற பதத்தில், மேலே கித்துள் பாணி. நம் ஊர்ப் பதநீர்ப் பாகுக்குத் தூரத்துச் சொந்தம். "காணுமோ?" என்று கேட்டபோது "காணும்" என்று கணீரென்று சொன்னேன். அப்படியும் போட்டார்.

காலையில் ஆஸ்பத்திரி வாசலில் அவர்களுக்கு முன்னாலேயே போய் நின்றேன். வர மாட்டார் என்று அரை மனது சொல்லிக்கொண்டே இருந்தது. ஓட்டோவிலிருந்து முதலில் பரீதாவின் பை இறங்கியது, பிறகு பரீதா, ரொம்ப நேரம் கழித்து அவர். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

வார்டில் வசந்தி வந்து பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பரீதா மருந்து வாங்கப் போயிருந்தார். தாதி ஒருவர் சலீம் நானாவின் கையில் நரம்பைத் தேடினார். ஏறப்போகும் மருந்தின் பெயர் எனக்குத் தெரியும். அது செல்லை என்ன செய்யும் என்பதைப் படம் போட்டு விளக்குவேன். ஊசி உள்ளே போனபோது கண்ணை மூடிக்கொண்டது நான்தான். திறந்தபோது தாதி என்னைக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். சலீம் நானா சிங்களத்திலேயே பதில் சொன்னார். தாதி என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"என்ன கேட்டாங்க?"

"இந்த ஆள் ஆர், டொக்டரோ எண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்ல, என்னோட கூட வந்த ஆள் எண்டு சொன்னன்."

தாதி கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை நகர்த்திப் போட்டு, ஒரு பிளாஸ்டிக் பேசினை என் கையில் கொடுத்தார். சலீம் நானாவுக்கு வாந்தி வந்தால் பிடிக்க. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.